வெற்று வண்டியின் எடை

குறிப்பு எண் 1
2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை (சுபகிருது ஆண்டு, தை 23). காலை 6.10 மணி. நாமக்கல்.

இக்குறிப்பேட்டைத் தொடங்கும் காரணத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். நேற்று மாலை பெங்களூரிலிருந்து என் மகள் வான்மதி தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமான விசாரிப்புகள் (இரத்த அழுத்தம், கீரை, காதுக் கருவி) முடிந்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, அத்தை என்னென்னமோ சொல்றாங்க. நீங்க யாரோ ஒரு அம்மாகூட எந்நேரமும் வண்டி வண்டின்னு சுத்திட்டு இருக்கீங்களாமே?"

"வண்டி ஒன்றுதான்" என்றேன்.

"அதுவா இப்ப கேள்வி?"

கேள்வி அதுவன்று என்பது எனக்கும் தெரியும். மார்ச் 12, ஞாயிறன்று வந்து என்னை நிரந்தரமாகப் பெங்களூருக்கு அழைத்துப் போகப்போவதாகச் சொன்னாள். கையிலிருக்கும் வண்டி வேலை முடியாமல் வர இயலாது என்றேன். "முடிஞ்சா வந்துடுவீங்கதானே?" என்றாள். வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் எனக்கு இல்லை என்பதை அவள் அறிவாள். அதனால்தான் கேட்டாள்.

எனவே நடந்ததை நடந்த தேதியிலேயே எழுதி, வேலை முடிந்ததும் அவளுக்கு அனுப்பிவைப்பதே முறை. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரார் மொழியில் பிரேக் இன்ஸ்பெக்டர். அறிக்கை எழுதுவது எனக்குப் புதிதன்று.

குறிப்பு எண் 2
2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. மாலை 5.40 மணி.

வண்டியின் சேஸில் (அடிச்சட்டத்தில்) மாற்றம் செய்வதற்கான முன் அனுமதி இன்று கிடைத்தது. ஜனவரி 20 அன்று விண்ணப்பித்தது. இனி, பின்னணி.

எங்கள் வீட்டை அடுத்த காலிமனையில் கான்கிரீட் கலவை மிஷின் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பவர் திருமதி அமராவதி. வயது அறுபத்தொன்று (நான் கேட்கவில்லை; ஓட்டுநர் உரிமத்தில் கண்டது). கணவர் காலமான பிறகு, வீடுகளுக்குத் தளம் போடும் குழுவை அவரே நடத்துகிறார். குழுவின் ஆண்கள் தத்தம் இருசக்கர வண்டிகளில் வேலையிடத்துக்கு வந்துவிடுவர். மூன்று பெண்களும் அவரும் இரட்டைக் கேபின் வைத்த பிக்கப் வண்டியில், மிஷினைப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு செல்வர். ஓட்டுபவர் அவரே. நன்றாகவே ஓட்டுகிறார். இடது பக்கக் கண்ணாடியைச் சற்று அதிகமாக நம்புகிறார்.

இந்தப் பிக்கப், கரூரில் யாரோ ஓர் இளைஞன் அழகுக்காகத் தாழ்த்தி வைத்திருந்தது. பின்சக்கர அச்சின் ஹவுசிங்குக்கு மேலே இருக்க வேண்டிய வில் பட்டைகளை அதற்குக் கீழே மாற்றிக் கட்டியதால் வண்டி தரையோடு இறங்கிவிட்டது. வெறும் வண்டியாக ஓடும்வரை குற்றமில்லை. மிஷினைக் கோத்ததும் பின்பக்கம் அமுங்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஹவுசிங் சேஸில் போய் 'டம்' என்று இடிக்கிறது. அந்த ஓசையைக் கேட்டுத்தான் ஜனவரி 18 அன்று நான் வாசலுக்கு வந்தேன். வேறு காரணமில்லை.

"ஏனுங்க சார், நீங்க பிரேக் இன்ஸ்பெக்டரா இருந்தவருங்களாமே. இது என்ன நோயிங்க?" என்றார்.

"நோய் அன்று, இடைவெளிக் குறைவு. வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டால் தீர்ந்தது."

"அது எனக்குத் தெரியாதுங்களா? ஒசத்திட்டா செல்லக்கண்ணு எப்படிங்க ஏறுவா?"

செல்லக்கண்ணு என்பவர் குழுவின் மூத்த பெண்மணி. இடுப்பெலும்பு முறிந்து கூடியவர். கலவையின் பதத்தை அவர் பார்த்துச் சொன்னால்தான் மற்றவர்கள் கொட்டுவார்களாம்.

"பழைய வண்டியில இவளை ரெண்டு பேரு பின்னாலருந்து தள்ளித்தான் ஏத்துவோம், கோயில் யானையை லாரியில ஏத்தற மாதிரி."

"அடியே, சாருக்கு முன்னாடி யானைன்னே சொல்லிப்போட்டியா?" என்று கேபினுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்த வண்டி வந்த பொறவுதான் சாமி, எட்டி ஒரு அடி வெச்சா சீட்டு. அதனால ஒசரவும் கூடாது, இழுக்கவும் வேணும். மார்ச் ரெண்டாந்தேதி ராசிபுரம் ரோட்டுல பெரிய தளம் ஒண்ணு இருக்குது. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. வண்டியை ஒசத்திட்டு இவளை வீட்டுல உக்கார வெச்சுர்றேன்" என்று முடித்தார் திருமதி அமராவதி.

முடியும் என்றேன். பொதுநலம் கருதி.

அன்று முதல் இரும்புத் தகடு பார்க்கச் சேலத்துக்கும், இழுவைக் கொக்கி பார்க்கத் திருச்செங்கோட்டுக்கும் சென்று வந்தோம். என் தங்கை 'சுற்றுவது' என்று குறிப்பிடுவது இதைத்தான்.

குறிப்பு எண் 3
2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. முற்பகல் 11.15 மணி.

மேல்நிலைத் தொட்டி கழுவப்பட்டது. பின்னர் வண்டிக்கு அடியில் படுத்து அளவெடுத்தேன். தாழ்ந்த வண்டிக்கு அடியில் செல்வது எளிது, வருவதே கடினம் என்பது வெளியே வர முயன்றபோது தெரிந்தது.

"வாரீங்களா சார், இல்ல டீயை உள்ள தள்ளிவிடட்டுங்களா?" என்றார் திருமதி அமராவதி.

டீ உள்ளேயே வந்து சேர்ந்தது. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. இதை யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகிவிட்டன. ஹவுசிங் மேலே எழும் இடத்தில் சேஸின் அடிப்பாகத்தை அரைவட்டமாக வெட்டி வழிவிட வேண்டும். வெட்டிய இடம் பலவீனமாகும். ஆகவே உள்ளும் புறமும் கனத்த தகடு வைத்து இறுக்க வேண்டும். இழுவைக் கொக்கியின் சட்டத்தைக் கடைசிக் குறுக்குக் கட்டையோடு நிறுத்தாமல், வெட்டுக்கு முன்பக்கம்வரை நீட்டிக் கோக்க வேண்டும். இல்லையேல் மிஷினின் பாரம் முழுவதையும் வெட்டுப்பட்ட இடமே சுமக்கும். வண்டி தாழ்ந்ததோடு கொக்கியும் தாழ்ந்துவிட்டதால் அதை மட்டும் உயர்த்தி, மிஷினின் ஏர்க்கால் (இழுக்கும் சட்டம்) தரைக்குச் சமமாக நிற்கும்படி வைக்க வேண்டும்.

குறிப்பு எண் 4
2023 பிப்ரவரி 13, திங்கட்கிழமை (மாசி 1). பிற்பகல் 3.00 மணி.

வண்டி சாதிக் பாயின் பட்டறைக்குச் சென்றது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. சாதிக் பாய் திறமைசாலி; ஆனால் உலகிலுள்ள எல்லாவற்றையும் வெல்டிங் வைத்தே தீர்க்கலாம் என்று நம்புகிறவர்.

"சார், சுத்தி வர வெல்டிங் வெச்சுட்டா மலையையே இழுக்கும்."

"சேஸுக்குக் குறுக்கே வெல்டிங் வைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். போல்ட் போட வேண்டும்."

"நீங்க அன்னைக்கிருந்தே இப்படித்தான் சார். எங்க மச்சான் லாரியை, வைப்பர் ஆடலைன்னு திருப்பி அனுப்புனீங்க."

"ஆடவில்லை."

"சித்திரை மாசம் சார்! மழையே இல்ல!"

திருமதி அமராவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்பால் திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. தூசியால் வந்த இருமலாக இருக்கலாம்.

இறுதியில், தகடுகளைப் போல்ட் போட்டு இறுக்குவது, சேஸின் நீளவாக்கில் மட்டும் வெல்டிங் வைப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது.

குறிப்பு எண் 5
2023 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை. மாலை 6.30 மணி.

சேஸ் வெட்டப்பட்டது. பட்டறைக்கு எதிரிலுள்ள நாற்றுப் பண்ணையிலிருந்து திருமதி அமராவதி எனக்கு ஒரு ரோஜா வாங்கிக் கொடுத்தார். செடி என்பதைக் கவனிக்கவும், பூ அன்று. தேதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குறிப்பு எண் 6
2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை (மகா சிவராத்திரி). பகல் 12.20 மணி.

வெள்ளோட்டம். தோல்வி.

காலையில் வெறும் வண்டியில் மிஷினைக் கோத்துப் பார்த்தோம். ஏர்க்கால் இரசமட்டம் வைத்தாற்போல் நின்றது. நானே ஓட்டி மூன்று வேகத்தடைகளைக் கடந்தேன். ஓசையே இல்லை. எனக்குச் சற்று மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை.

பிறகு அமராவதி அம்மா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். செல்லக்கண்ணு, ராசாமணி, பூங்கொடி ஆகிய மூவரும் பின்னிருக்கையில் ஏறினர். பாண்டுச்சட்டிகள், மண்வெட்டிகள், வைப்ரேட்டர், டீசல் கேன் எல்லாம் பின்தொட்டியில் வைக்கப்பட்டன. முதல் வேகத்தடையிலேயே 'டம்'.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கி வந்தார். என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல வண்டி எடைன்னு போட்டிருக்கீங்களே, எதுங்க சார் அது?"

"வெற்று எடை. ஆளும் சரக்கும் இல்லாமல்."

"ஏனுங்க?"

ஏன் என்று எனக்கே உடனே விளங்கவில்லை. பணிக்காலம் முழுவதும் ஒரு வண்டியைக் கையில் எடுத்ததும் நான் முதலில் எழுதியது அதன் வெற்று எடையைத்தான். பதிவுப் புத்தகத்தில் அதற்குத்தான் முதல் கட்டம். கை தானாகவே எழுதிவிட்டது.

"ஏண்டி செல்லக்கண்ணு, சாரு நம்மளை ஆளாவே சேக்கலையாமா!"

"என்னைய சேக்காம எப்படிடி? நான் ஒருத்தியே பாதி மிஷினு இருப்பேனே!"

நால்வரும் சிரித்தனர். சாதிக் பாயும் சிரித்தார். அவர் சிரித்திருக்க வேண்டியதில்லை.

குறிப்பு எண் 7
2023 பிப்ரவரி 20, திங்கட்கிழமை. காலை 10.45 மணி.

பிழையைத் திருத்தும் பொருட்டு, ஆட்களோடும் சாமான்களோடும் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுசென்றோம். ஆட்கள் ஏறும் முன்பு ஓர் எடை, ஏறிய பின்பு ஓர் எடை. கழித்தால் வருவது அவர்கள் எடை. எளிய முறை. ஆனால் மேடையில் பெரும் கலவரம்.

"தனித்தனியா போட்டுறாதீங்க சார், மொத்தமாப் போடுங்க. ராசாமணி அவளோடதையும் எம்மேல ஏத்திருவா."

"நான் காலையில சாப்புடவே இல்லைங்க, சோத்தை எவ கணக்குல சேக்கறது?"

"அமராவதி, நீ மூச்சை இழுத்துப் புடிச்சுக்க, கொறையும்."

"புடிச்சா கொறையுமுங்களா சார்?" என்று அமராவதி அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். குறையாது என்று விளக்கினேன். விளக்கம் தேவைப்படவில்லை என்பது அவர் முகத்தில் பின்னர் தெரிந்தது.

மொத்தமாகவே குறித்துக்கொண்டேன். அவர்கள் டீக்கடைக்குப் போனபின் நான் மட்டும் ஒருமுறை மேடையில் ஏறி நின்றேன். கருவியின் துல்லியத்தைச் சோதிப்பதற்காக. அது அறுபது என்றது. பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் அந்தக் கருவி மதிப்பதில்லை. மருந்துக்கடைக் கருவியில் அறுபத்து நான்கு. அதையே எடுத்துக்கொண்டேன்.

குறிப்பு எண் 8
2023 பிப்ரவரி 24, வெள்ளிக்கிழமை. மாலை 4.00 மணி.

புதிய கணக்கின்படி வெட்டு ஆழப்படுத்தப்பட்டு, தகடுகள் மாற்றப்பட்டன. கொக்கியின் உயரமும் மாற்றப்பட்டது. சாதிக் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது சார்" என்றார்.

அவசரப்பட வேண்டாம் என்றேன்.

குறிப்பு எண் 9
2023 பிப்ரவரி 25, சனிக்கிழமை. முற்பகல் 11.00 மணி.

போல்ட்டுகளின் இறுக்கம் சோதிக்கப்பட்டது. சரியாக உள்ளது.

குறிப்பு எண் 10
2023 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.00 மணி.

மீண்டும் சோதிக்கப்பட்டது. சரியாக உள்ளது.

குறிப்பு எண் 11
2023 பிப்ரவரி 27, திங்கட்கிழமை. முற்பகல் 11.00 மணி.

இன்றும். "சார், போல்ட்டுக்கே கூச்சம் வந்துரும், விட்டுருங்க" என்றார் சாதிக் பாய். அவருக்கு இழுவையின் நுட்பங்கள் புரிவதில்லை.

குறிப்பு எண் 12
2023 பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை. இரவு 7.30 மணி.

மாலையில் காலிமனையில் நின்றுகொண்டிருந்தபோது வான்மதி அழைத்தாள். காதுக் கருவி பழுதாகியிருந்ததால் ஒலிபெருக்கியில் பேச நேர்ந்தது.

"ரூம் ரெடிப்பா. கிழக்குப் பக்க ஜன்னல், உங்களுக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் நல்லா வரும். வண்டி முடிஞ்சுதா?"

"முடியும் தறுவாயில்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

அமராவதி அம்மா மிஷின் டிரம்மில் ஒட்டியிருந்த காய்ந்த சிமென்டை உளியால் தட்டிக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்தபின் தட்டுவதை நிறுத்தினார்.

"பெங்களூருக்குங்களா?"

"12ஆம் தேதி. வண்டி முடிந்தால் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அங்கயும் கலவை மிஷின் இருக்குமுங்களா?"

"இருக்கும். பெரிய நகரம்."

"அப்பச் சரி. உங்களுக்குப் பொழுது போயிரும்."

மறுபடி தட்டத் தொடங்கினார். முன்னைவிடப் பலமாக. இன்று டீ வரவில்லை.

என் மனைவி மறைந்து ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வேளை டீ வராததை ஒரு செய்தியாகக் கருதி எழுதியது இதற்கிடையே இதுவே முதல்முறை. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று எண்ணினேன். குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது என் விதி.

குறிப்பு எண் 13
2023 மார்ச் 1, புதன்கிழமை. பகல் 1.10 மணி.

ஆய்வுக்கு வந்த இளம் ஆய்வாளர் அடியில் குனிந்து பார்த்து, "ஐயா, நீங்க பாத்ததுக்கப்புறம் நான் பாக்க என்னங்கய்யா இருக்கு" என்றார். அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்து, முழுவதையும் பார்க்க வைத்தேன். முறைப்படி ஒப்புதல் கிடைத்தது.

ஆகவே ஆவணத்தின்படி வேலை முடிந்துவிட்டது. பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தேன்.

குறிப்பு எண் 14
2023 மார்ச் 2, வியாழக்கிழமை. மாலை 6.45 மணி.

ராசிபுரம் சாலைத் தளத்துக்குப் புறப்படும் நாள். காலையில் சாதிக் பாயும் வந்திருந்தார். வாழைப்பழத்தில் ஊதுவத்தி செருகி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். செல்லக்கண்ணு யாருடைய கையையும் பிடிக்காமல் ஓரடி எடுத்து வைத்து இருக்கையில் அமர்ந்து, கதவைத் தாமே சாத்திக்கொண்டார். அமராவதி வண்டியைக் கிளப்பி மனையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மிஷின் பின்னால் கன்றுக்குட்டிபோல் வந்தது. எங்கும் இடிக்கவில்லை. சுபம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நான் இரசமட்டத்தை ஏர்க்கால்மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் இல்லை.

"கொக்கி ஒரு நூல் உயர்ந்து நிற்கிறது" என்றேன்.

"ஒரு நூலுங்களா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து அமராவதி கேட்டார். "ஒரு நூலு ஒசந்தா மிஷினு சண்டைக்கா வரும்? விடுங்க சார், நேரமாச்சு."

"கணக்குக்கு வராமல் வேலை முடிந்ததாக ஆகாது."

"சார், என் வேலையில தப்பில்ல" என்றார் சாதிக் பாய் கோபமாக. "நீங்க குடுத்த அளவுக்கு மயிரிழை பிசகாம வெச்சிருக்கேன். தப்பு உங்க கணக்குல."

"என் கணக்கில் தவறில்லை."

"அப்ப கணக்கைக் கொண்டாங்க, பாத்துரலாம்."

சினத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுகணமே திரும்பக் கேட்டேன். அதற்குள் தாள், சாளரத்தின் வழியாக அமராவதியின் கைக்குப் போய்விட்டது. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மிஷின் பாரம், சரி. சாமான், சரி. டீசல், சரி. பின்சீட்டு, ஓட்டறவங்க, சரி. முன்சீட்டு, இடது பக்கம், அறுபத்து நாலு." நிமிர்ந்தார். "முன்சீட்டுல ஆருமில்லீங்களே சார்?"

பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பை மட்டும் இருந்தது.

"அது பாதுகாப்புக் கருதிச் சேர்த்த கூடுதல்."

"அதென்னங்க அறுபத்து நாலுன்னு ஒரு கூடுதலு? அறுவதுன்னு போடலாம், எழுவதுன்னு போடலாம்."

"சார் எத்தனை கிலோ இருப்பாரு?" என்று பின்னிருக்கையிலிருந்து செல்லக்கண்ணு பொதுவாகக் கேட்டார்.

 சாதிக் பாய் ஊதுவத்தியைச் சரிசெய்யத் தொடங்கினார். அது சரியாகத்தான் இருந்தது.

அமராவதி தாளை நான்காக மடித்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"அப்ப, நீங்க ஏறுனாத்தான் வண்டி மட்டத்துக்கு வருமுங்களா?"

"கணக்குப்படி அப்படித்தான்."

"இன்னைக்கு மட்டுமுங்களா?"

"எடை ஒரு நாளைக்கு மட்டும் என்று இருக்க முடியாது. மிஷினை இழுக்கும் நாளெல்லாம் வேண்டும்."

"பெங்களூருலருந்து தெனமும் வரோணுமே சார்."

"அது நடைமுறைக்கு ஒவ்வாது" என்றேன். "ஆகவே இங்கேயே இருப்பதுதான் முறை. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையெனில்."

அமராவதி கைப்பையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து இடது கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. மட்டம் வருதான்னு பாப்போம்."

ஏறினேன். உயரம் மிகவும் வசதியாக இருந்தது. சாதிக் பாய் இரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "வந்துருச்சு சார்!" என்று கூவினார். பின்னிருக்கையில் மூவரும் கைதட்டினர். 'டம்' ஓசை ஏதும் இல்லாமல் வேலையிடம்வரை சென்று சேர்ந்தோம். தளம் நல்லபடியாக முடிந்தது. பிரியாணி பரிமாறினார்கள். இலையில் எனக்குக் காரம் குறைந்த பக்கமாகப் பார்த்து யாரோ வைத்திருந்தார்கள்.

குறிப்பு எண் 15
2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை. காலை 6.10 மணி. அனுப்புதல் கடிதம்.

அன்புள்ள வான்மதிக்கு,

நலம். இதனுடன் உள்ள பதிவுகளைத் தேதி வரிசையில் படிக்கவும். உன் அத்தை சொன்னவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை நீயே பிரித்தறியலாம். சில இடங்களில் நானே மிகைப்படுத்தாமல் விட்டிருக்கக்கூடும்.

வண்டி வேலை முடிந்தால் வருவதாக உனக்கு வாக்களித்தேன். அவ்வாக்கிலிருந்து நான் விலகவில்லை. நிலைமை இதுதான்: நான் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும்போது வேலை முடிந்திருக்கிறது. நான் இறங்கினால் ஒரு நூல் அளவுக்கு முடியாமல் போய்விடுகிறது. வந்தால் முடியாது, முடிந்தால் வர இயலாது. இதில் வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தேடவும் இல்லை.

12ஆம் தேதி நீ அவசியம் வர வேண்டும், பெட்டி கட்டுவதற்காக அன்று, பகலுணவுக்காக. உனக்குப் பிடித்தது என்ன என்று அமராவதி இருமுறை கேட்டுவிட்டார். முருங்கைக்காய் என்று சொன்னேன். தவறாயின் தெரிவிக்கவும். நீ கேட்க விரும்பும் கேள்வியை அவரிடமே நேரில் கேட்கலாம். அவர் என்னைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்லுவார்.

கிழக்கு ஜன்னல் அறைக்காக நன்றி. அதை உன் குழந்தை படிக்கும் அறையாக்கலாம்; வெளிச்சத்தை வீணாக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா
(மு. தில்லைநாயகம்)

இணைப்புகள்:
1. குறிப்புகள் 1 முதல் 14 வரை, நகல்.
2. மாற்றம் செய்யப்பட்ட சேஸுக்கான ஒப்புதல், நகல்.
3. திருத்திய எடைக் கணக்கு. நான்காக மடிக்கப்பட்டது. மூலத்தை அமராவதி திருப்பித் தர மறுத்துவிட்டதால் இது நகல்.
4. உன் பெங்களூர் வீட்டின் மாற்றுச் சாவி, ஒன்று.
5. புகைப்படம், ஒன்று. இழுவைக் கொக்கியின் உயரத்தைக் காட்டுவதற்காகச் சாதிக் பாய் எடுத்தது. அவர் கொக்கியை விட்டுவிட்டு எங்கள் இருவரை மட்டும் எடுத்திருக்கிறார். என் பற்கள் தெரிவது, வெயில் முகத்தில் அடித்ததால்.